பார்த்தாச்சு

எல்லாம் சனிக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்குத் தொடங்கியது. நேரம் எனக்கு இவ்வளவு சரியாகத் தெரிவது ஞாபகசக்தியால் அல்ல. எங்கள் ஆப்பின் புதிய பதிப்பை வெளியிடும் பொத்தானை யார், எப்போது அழுத்தினார்கள் என்பதைக் கணினி குறித்துவைத்துக்கொள்கிறது. இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் என் பெயருக்கு நேரே 10:10 என்றுதான் இருக்கிறது. அதை அழிக்க முடியாது. அழிக்க முடியுமா என்று ஒருமுறை பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அழுத்தியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒதியம்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தையல் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்து, நின்றபடியே அழுத்தினேன். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த என் கணவர், கால் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இன்னா, முடிஞ்சுதா உன் பிரசவம்?"

ஐந்து மாதமாக அந்த வெளியீடு தள்ளித் தள்ளிப் போனதை அவர் அப்படித்தான் கேலி செய்வார்.

"முடிஞ்சுது, போங்க" என்றேன்.

அது கண் தெரியாதவர்களுக்கான ஓர் ஆப். ஒரு தாளுக்கு மேல் போனைப் பிடித்தால், அதில் அச்சிட்டிருப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்லும். யாரும் சம்பளம் வாங்காமல் செய்வது. அதன் நிரல் பூட்டிவைக்கப்பட்டதல்ல. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம். அப்படிச் சொல்லும்போது ஊரே கூடி வேலை செய்வதுபோலத் தோன்றும். உண்மையில் நாங்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் வாட்ஸாப்பில் வாழ்த்து மட்டும் சொல்வார்கள். ஒருவர் குரல் பதிவு செய்துகொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டார். மிச்சம் நானும், கரையாம்புத்தூரில் இருக்கும் ஒருவரும். நிரல் எழுதுவது முழுக்க அவர்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், பகலில் ஒரு கம்பெனியில் வேலை, என்னை அக்கா என்று கூப்பிடுவார்.

என் மகளுக்காகத்தான் நான் இதில் சேர்ந்தேன். பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை இல்லை. இப்போது சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவள் வீட்டை விட்டுப் போன வாரத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் காதுக்குள் தமிழ் வாசிக்கிற ஒன்றில் என் கையும் பட்டிருந்தால் அவள் பக்கத்தில் இருப்பது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்துக்குப் பொறுப்பு. எந்த மெஷின் ஓடுகிறது, எது ஓடவில்லை என்று நோட்டில் எழுதி வருஷக்கணக்கில் பழகிய கை. அதனால் பிழைப்பட்டியல் என்னிடம் வந்தது.

பிழைப்பட்டியல் என்றால் என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்வது கஷ்டம். ஆப்பில் எது கெட்டிருந்தாலும் பயன்படுத்துகிறவர் புகார் அனுப்பலாம். எழுதலாம், எழுத முடியாவிட்டால் பேசியே அனுப்பலாம். ஒவ்வொன்றும் வரிசையில் ஒரு வரியாக வந்து நிற்கும். அதைக் கேட்டு, புரிந்துகொண்டு, தலைப்புப் போட்டு, எது அவசரம், எது அடுத்த வெளியீட்டுக்குள் முடிய வேண்டும், எது எப்போதாவது போதும் என்று பிரிக்க வேண்டும். முந்நூறுக்குக் குறைந்து நான் அந்தப் பட்டியலைப் பார்த்ததே இல்லை. நாலு தீர்ந்தால் ஒன்பது வரும். அதில் வேண்டாததும் நிறைய இருக்கும். ஒருவர், ஆப்பின் குரல் தன் சின்ன மாமியார் குரல் மாதிரி இருக்கிறது, மாற்றுங்கள் என்று மூன்று முறை புகார் கொடுத்திருந்தார்.

சம்பளம் கொடுத்து வேலை வாங்குகிற இடத்தில் மேலாளர் ஒரு தேதி சொன்னால் அது தேதி. எங்களுக்குத் தேதி என்பது ஆசை. பொங்கலுக்குள் என்போம், சித்திரைக்குள் என்போம், ஆடிக்குள் என்போம். யாரையும் ஏன் செய்யவில்லை என்று கேட்க முடியாது. அவர் தன் தூக்கத்தில் இருந்து எடுத்துத் தருகிற நேரம் அது. கேட்கும் உரிமை இல்லாதவள் திட்டம் போட வேண்டும் என்றால், அவளுக்கு மிஞ்சுவது பட்டியலை நம்புவதுதான். நான் பட்டியலை நம்பினேன்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பிழையும் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் அடையாளங்கள் முதலில் ஆங்கிலத்தில்தான் இருந்தன. நான்தான் மாற்றச் சொன்னேன். தமிழ் வாசிக்கிற ஆப்புக்குப் பின்னால் ஏன் ஆங்கிலம் என்று வீம்பு பிடித்தேன். கரையாம்புத்தூர்க்காரர், "எதுன்னாலும் சரிக்கா, சின்னதா வையுங்க, எனக்கு டைப் பண்ண சோம்பேறித்தனம்" என்றார். ரொம்பச் சின்னதாகவே வைத்தோம். இரண்டே இரண்டு. பார்க்கணும். பார்த்தாச்சு.

எங்கள் வீட்டில், கேஸ் புக் பண்ணியாச்சா என்று நான் கேட்டால், "பாத்தாச்சு" என்பார் என் கணவர். பண்ணியாயிற்று என்று அர்த்தம். மோட்டார் ரிப்பேரைப் பார்த்தாச்சு என்றால் மோட்டார் ஓடுகிறது. எனக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்க முடியும் என்று தோன்றவே இல்லை. இன்னொன்றும் செய்தேன். ஒரு பிழையின் அடையாளம் மாறியவுடன், அதைப் புகார் கொடுத்தவருக்குத் தானாக ஒரு செய்தி போகும்படி அமைத்தோம். அந்தச் செய்தியின் வாசகம் என்னுடையது. "உங்கள் புகார்: பார்த்தாச்சு. மிக்க நன்றி." அந்த மிக்க நன்றியை யோசித்து யோசித்துச் சேர்த்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் இதனால் ஒரு தொந்தரவும் வரவில்லை. ஏனென்றால் ஞாயிறுதோறும் நானும் அவரும் போனில் பட்டியலை வரிவரியாகப் பேசுவோம். பிறகு அவருடைய அப்பா வரப்பில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி, வீடு, கம்பெனி என்று அவர் அலைந்தார். ஞாயிறு பேச்சு நின்றது. நேரம் கிடைக்கும்போது அவர் பட்டியலைத் திறந்து எதையாவது செய்துவிட்டுப் போவார். காலையில் நான் பார்க்கும்போது நாலைந்து வரிகள் பார்த்தாச்சுக்கு மாறியிருக்கும். இத்தனை கஷ்டத்திலும் மனிதர் செய்கிறாரே என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொள்வேன்.

அந்த வெளியீட்டை நிறையப் பேர் எதிர்பார்த்திருந்தார்கள். பழைய பதிப்பு பெரிய எழுத்துகளைத்தான் ஒழுங்காக வாசிக்கும். புதியது பொடி எழுத்தையும் வாசிக்கும்: பாட்டில்களின் மேல் ஒட்டியிருப்பது, மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட். எப்போது, எப்போது என்று கேட்டு வந்த குரல்களைக் கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை காலை, இந்த வெளியீட்டுக்குள் முடிய வேண்டும் என்று குறித்த வரிகளைத் திறந்தேன். பார்க்கணும் என்பதில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பார்த்தாச்சு. அழுத்தினேன்.

மதியம் இரண்டு இருபதுக்கு ஒரு குரல் புகார் வந்தது. சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தை ஒதுக்கிக்கொண்டே, போனைச் சமையல் மேடையில் வைத்து ஓடவிட்டேன். ஒரு பெண் குரல். பின்னால் வண்டிச் சத்தம்.

"எக்கா, யாரு கேக்குறீங்கன்னு தெரியல. பாப்பாவுக்கு சளி மருந்து ஊத்துனன். உங்க ஆப்பு அஞ்சு மில்லின்னுச்சு. சின்ன பாட்டிலுக்கு அவ்ளோவான்னு இன்னொரு வாட்டி வெச்சிக் கேட்டன், மறுக்காவும் அஞ்சுன்னுச்சு. ஊத்திட்டன். புள்ள எழுந்துக்கவே மாட்டேங்குது. இப்ப எதிர்வூட்டு அண்ணி சீட்ட பாத்துட்டு அஞ்சு இல்லடி, புள்ளி அஞ்சுன்றாங்க. பாகூர் ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீங்க அத... வேற யாருக்கும்..."

அதோடு நின்றுவிட்டது.

நான் அடுத்துச் செய்ததை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை. ஆப்பின் புதிய பதிப்பைத் திரும்பப் பெற ஒரு பொத்தான் இருக்கிறது. லேப்டாப் பத்தடி தூரத்தில் தையல் மெஷின் மேல் திறந்தே இருந்தது. நான் அதனிடம் போகவில்லை. ஈரக்கையோடு என் மகளுக்குப் போன் செய்தேன். அவள் எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். ஐந்தாவது தடவை எடுத்தாள்.

"அம்மா, இன்னாமா உனக்கு? கிளாஸ்ல இருக்கன். எங்க ஹாஸ்டல் எரியுதா, உங்க வூடு எரியுதா?"

"நீ மருந்து எதனா சாப்ட்டியா? தலைவலிக்கு, வயித்துவலிக்கு, எதனா? ஆப்ப வெச்சி எதனா படிச்சியா இன்னிக்கு?"

"இல்லியே. ஏன்?"

சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே முழுசாக விளங்கியது.

"அத எட்த்துட்டியா?"

"எத?"

"அந்த ரிலீஸத்தாம்மா. திரும்ப எட்த்துட்டியா இல்லியா?"

"இல்ல... மொதல்ல உனக்கு..."

"என்ன வுடும்மா. போய் எடு. என்ன மாதிரி எத்தன பேரு வெச்சிருக்காங்க, போய் எடு மொதல்ல."

போனை வைத்துவிட்டாள். திரும்பப் பெற்ற நேரமும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. 2:41. குரலைக் கேட்டதற்கும் அதற்கும் நடுவே இருபத்தொரு நிமிடம். அந்த இருபத்தொரு நிமிடத்தில் எங்கோ எவர் வீட்டிலோ யாராவது ஒரு சீட்டுக்கு மேல் போனைப் பிடித்தார்களா என்பது எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

பிறகுதான் அந்தப் பெண்ணைக் கூப்பிட வேண்டும் என்று ஓடினேன். அவள் எண் என்னிடம் இல்லை. புகார் கொடுப்பவர்களின் போன் எண்ணையோ ஊரையோ பெயரையோ வாங்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தோம். யாருடைய விவரமும் எங்களிடம் இல்லை என்று பெருமையாக எழுதியும் வைத்திருந்தோம். அவள் எனக்கு ஒரு அடையாள எண், ஒரு குரல், அவ்வளவுதான். அந்த எண்ணுக்குப் பதில் எழுத மட்டும் முடியும். என் பெயர், என் போன் எண், ஒதியம்பட்டில் எந்தத் தெரு, எந்த வீடு என்பது வரை எழுதி, பாப்பா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அனுப்பினேன்.

பதில் வரவில்லை. அந்த எண்ணிலிருந்து முன்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடினேன். ஒன்று இருந்தது. ஏழு வாரத்துக்கு முந்தையது. அதே குரல், ஆனால் சிரித்துக்கொண்டே.

"எக்கா, கடைல ரவ வாங்கினன். பாக்கெட்டு மேல சீட்டு ஒட்டியிருக்காங்க, புள்ளி அஞ்சு கிலோன்னு. உங்க ஆப்பு அஞ்சு கிலோன்னு படிக்குது. எங்க வூட்டுக்காரரு பயந்துட்டாரு, மாசம் பூரா உப்புமாவான்னு. புள்ளிய முழுங்கிடுது. கொஞ்சம் பாருங்க."

நான் அதற்கு வைத்திருந்த தலைப்பு: புள்ளியில் தொடங்கும் எண்ணைத் தவறாக வாசிக்கிறது. அதற்கு நேரே, பார்த்தாச்சு. அதற்குக் கீழே, புகார் கொடுத்தவருக்குச் செய்தி அனுப்பப்பட்டது. மிக்க நன்றி.

கரையாம்புத்தூருக்குப் போன் செய்தேன். அவர் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தார் போல, மூச்சு வாங்கினார்.

"அந்தப் புள்ளிப் பிழைய நீங்க சரி பண்ணீங்களா இல்லியா?"

"எந்தப் புள்ளிக்கா?"

"ரவ பாக்கெட்டு."

"ஆங், அதுவா. பாத்தன்க்கா. ஜீரோ புள்ளி அஞ்சுன்னு போட்டுப் பாத்தன், ஒழுங்காத்தான் படிச்சுது. போட்டோ இருந்தா அனுப்பச் சொல்லுங்கன்னு உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தன். அப்பறம் அப்பாவுக்கு ஆபரேஷன்..."

"பாத்தாச்சுன்னு போட்டிருக்கீங்களே!"

"ஆமா. பாத்தன். அதான் பாத்தாச்சு."

"சரி பண்ணாதானங்க பாத்தாச்சு!"

"அக்கா, இன்னாக்கா சொல்றீங்க? பாத்தாச்சுன்னா பாத்தாச்சு. பண்ணாதான் பண்ணியாச்சு. ஒரு வருஷமா நான் அப்பிடித்தானே போட்டுட்டு வரன்? பண்ணத ஞாயித்துக்கெழம வாயால சொல்வனே."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் அந்தப் பக்கத்தில் "அக்கா, அக்கா, லைன்ல இருக்கீங்களா" என்றார். குழந்தையைப் பற்றிச் சொன்னேன். அவர் அழுதார். பெரிய ஆண்பிள்ளை போனில் அழுவதை நான் அதுவரை கேட்டதில்லை. பின்னால் அவருடைய அப்பா, "இன்னாடா, இன்னாடா ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கால் மணி நேரத்தில் அவரே திரும்ப அழைத்தார். "சரி பண்ணிட்டன்க்கா. ஒரே ஒரு வரிதான். பத்து நிமிஷம்கூட ஆவல." சரிசெய்ததை வெளியிடட்டுமா என்று கேட்டார். என் விரல் அந்தப் பொத்தானுக்கு இனிமேல் போகாது என்று சொல்லிவிட்டேன். பழைய பதிப்பிலும் அதே பிழை இருக்கிறது, அதை வைத்திருக்கிறவர்களுக்காகவாவது என்றார். நீங்களே செய்யுங்கள் என்றேன். செய்தாரா என்று நான் பார்க்கவில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல். அந்தக் குழந்தை கண்ணைத் திறந்துவிட்டதா இல்லையா.

என் கணவர் நல்ல மனிதர். "நீ வேணும்னா பண்ண? எவளோ ஒருத்தி, சீட்ட பக்கத்து வூட்ல காட்டிட்டு ஊத்தியிருக்கலாம்ல" என்று சமாதானம் சொல்லப் பார்த்தார். யாரிடமும் காட்டாமல் தானே படித்து ஊற்ற முடிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஆப்பே என்று கத்தினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே பாகூருக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே எதையும் பார்த்த நினைவில்லை. ஏரிக்கரைத் திருப்பத்தில் பஸ் ஆடியபோது பக்கத்தில் இருந்த அம்மாள், "இன்னா, உடம்பு சரியில்லியா" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. அந்தக் குழந்தையின் அம்மா ஆஸ்பத்திரி என்று சொன்னது எது என்றுகூட எனக்குத் தெரியாது. விசாரித்துக்கொண்டு நுழைந்த முதல் இடத்தில் ஒரு நர்ஸ் என்னை நிறுத்தினார்.

"யாரப் பாக்கணும்?"

"நேத்து மத்தியானம் ஒரு கொழந்தைய கொண்டாந்தாங்களா? மருந்து அதிகமாப் போயி... அம்மாவுக்குக் கண்ணு தெரியாது."

"புள்ள பேரு?"

"தெரியல."

"அம்மா பேரு?"

"தெரியலங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமாக இல்லை; ஜாக்கிரதையாக. "நீங்க யாரு அவங்களுக்கு?"

அதற்கு என்ன சொல்ல? அவள் புகாருக்குத் தலைப்புப் போட்டவள். மிக்க நன்றி என்று எழுதியவள். "தெரிஞ்சவங்க" என்றேன். "பேரு தெரியாத தெரிஞ்சவங்களா?" என்று பின்னால் நின்ற ஓர் ஆள் சிரித்தார். சொந்தக்காரர்களுக்குத்தான் சொல்ல முடியும் என்றார் நர்ஸ். சரிதான். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். வாசலில் வெகுநேரம் நின்றேன். உள்ளே போகிற, வெளியே வருகிற ஒவ்வொரு பெண்ணின் கண்ணையும் பார்த்தேன். இடுப்பில் குழந்தையோடு யார் வந்தாலும் அந்தக் குழந்தை தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்த்தேன். அப்படியே வீடு திரும்பினேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. உட்கார்ந்து பட்டியலைத் திறந்தேன். பார்த்தாச்சு என்று இருந்த ஒவ்வொரு வரியையும் ஆரம்பத்திலிருந்து எடுத்து, கரையாம்புத்தூர்க்காரரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். இது பண்ணியதா, பார்த்ததா. இது? இது? அவர் கம்பெனிக் கழிவறையில் நின்று பதில் சொன்னார். பார்த்ததுதான் அதிகம். பஸ் எண்ணின் கடைசி எழுத்தை விட்டுவிடுகிறது: பார்த்தது. காலாவதி தேதியில் மாதத்தையும் நாளையும் மாற்றி வாசிக்கிறது: பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால், முடிந்துவிட்டது என்று நம்பி எங்கோ ஒருவர் சாலையில் நிற்கிறார், எதையோ விழுங்குகிறார். முப்பத்து மூன்றாவது வரியோடு நிறுத்தினேன். பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் நான் சொன்ன வார்த்தை என் காதில் விழுந்தது.

மகள் அன்று மூன்று முறை கூப்பிட்டாள். எப்போதும் நான்தான் அவளைக் கூப்பிடுவேன். "சாப்ட்டியா? பதில் வந்துச்சா?" இரண்டே கேள்வி. மூன்றாவது முறை, "அம்மா, அது எனக்கு ஆயிருந்தா?" என்று கேட்டாள். நான் சனிக்கிழமை மதியம் அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டுவிட்டு முதலில் தன்னைக் கூப்பிட்டதை அவள் மன்னிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதை அவளே நேராகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை நாலு மணி சுமாருக்கு வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. எட்டிப் பார்த்தேன். ஓட்டிவந்தவர் ஒல்லியான மனிதர், காக்கிச் சட்டை. பின்னால் ஒரு பெண், இருபத்தெட்டு, முப்பது வயதிருக்கும். மடியில் குழந்தை. அவள் இறங்கும்போது அவர் கையைப் பிடிக்கப் போனார். "வுடுங்க, எனக்குத் தெரியும்" என்று தட்டிவிட்டாள். புகாரில் கேட்ட அதே குரல்.

குழந்தை விழித்திருந்தது. அம்மாவின் தாலிச் சரட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. மூக்கு இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. மணிக்கட்டில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. நான் ஏதோ சத்தம் போட்டிருக்க வேண்டும். அது முகத்தை அம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டது.

"அழாதீங்கக்கா, பாப்பா பயந்துக்கப் போவுது" என்றாள் அவள். "ரெண்டு நாளு படுக்க வெச்சிருந்தாங்க. நேத்து காலைல முழிச்சி இட்லி கேட்டுச்சு. நல்லாருக்கு. போன்லயே சொல்லலாம்னாரு இவரு. நான்தான் வரணும்னன்."

உள்ளே கூப்பிட்டேன். உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன், அவர் குடித்தார், அவள் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். என்னை மன்னித்துவிடு என்று சொல்ல மூன்று நாளாகச் சேர்த்துவைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றுகூட வரவில்லை. "அது என் தப்பு" என்று மட்டும் சொன்னேன்.

"பாத்தாச்சுன்னு எனக்கு மெசேஜ் வந்துச்சுக்கா" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. கணக்குப் பரீட்சையில் எங்கே தவறியது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "அது வரலன்னா நான் ஊத்தியிருக்க மாட்டன். ரவ பாக்கெட்டு ஞாபகம் இருந்துச்சு. புள்ளிய முழுங்கிடுமேன்னு நெனச்சன். அப்பறம், அதான் பாத்தாச்சுன்னு சொல்லிட்டாங்களே, இனிமே முழுங்காதுன்னு நெனச்சன். அதுக்காவத்தான் அன்னிக்கி காலைலயே அப்டேட்டு போட்டன்."

"இப்ப சரி பண்ணிட்டாங்களாம்" என்றார் அவள் கணவர், தயங்கித் தயங்கி. "மெசேஜ் வந்துச்சு. நல்லாத்தான் படிக்குது. நான் பாத்தன்."

"நீங்க சும்மா இருங்க" என்றாள்.

குழந்தை கீழே இறங்கி, தையல் மெஷினின் மிதியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அவள் அந்தச் சத்தம் வரும் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, ஜாக்கெட்டுக்குள் இருந்து போனை எடுத்தாள். நான் உட்கார்ந்திருந்த திசைக்கு நீட்டினாள்.

"உங்க ஆப்பு வந்ததுலேர்ந்து நான் எதையும் தூக்கிட்டு எதிர்வூட்டுக்குப் போனதில்லக்கா. நேத்துலேர்ந்து போறன். அந்த அண்ணி நல்லவங்கதான், சலிச்சிக்காம படிக்கிறாங்க. ஆனா போறன்." போனை என் பக்கம் இன்னும் நீட்டினாள். "இதுலேர்ந்து உங்க ஆப்ப எட்த்துடுங்க."

"உனக்கே தெரியுமேம்மா எடுக்க" என்றேன்.

"தெரியும்க்கா. மூணு வாட்டி எட்த்தன். எட்த்துட்டு, எட்த்துட்டு, திரும்பப் போட்டுக்குறன். நீங்க எடுங்க. உங்க கையால எடுத்தா போட மாட்டன்."